அப்பாவின் உயரத்துக்கு அடித்த கட்டை

மொன்றியல்,
11.05.1986

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் எலிசாவும் சுகம். மாதா கைவிடவில்லை. உங்கள் இருமல் எப்படி? கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறீர்களா, இல்லை, கடையில் தேத்தண்ணீரோடு பொழுது போகிறதா?

உங்கள் மகள் ஒரு வேலை பார்த்துவிட்டு வந்து நிற்கிறாள். பிரெஞ்சு தெரியாத பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு, அதில்தான் இருக்கிறாள் என்று முன்னர் எழுதியிருந்தேன். ஒக்டோபர் முதல் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள இறக்கமான தெருவை மறித்து ரேஸ் நடத்துகிறார்களாம். எஞ்சின் இல்லாத கார். பிள்ளை உள்ளே இருந்து ஓட்ட வேண்டும். தாயோ தகப்பனோ பின்னால் நின்று வெள்ளைக் கோடு வரைக்கும் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகு இறக்கம் பார்த்துக்கொள்ளும். காரைக் கடையில் வாங்கக் கூடாது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பழைய சாமான்களில் தாங்களே செய்ய வேண்டும். யாருக்கு விருப்பம் என்று வகுப்பு மடாம் கேட்டாவாம். கேள்வி விளங்கியதோ இல்லையோ, இவள் கையைத் தூக்கிவிட்டாள்.

"அப்பாக்குச் சைக்கிள் கடை இருக்கு. ஒக்டோபருக்கு முதல் வந்திருவார்" என்று கையாலும் காலாலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இப்போது கார் எப்படிச் செய்வது என்று என்னைக் கேட்கிறாள். எனக்கு ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது. தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டதற்கு நீங்கள் ஒரு கிழமை ஏசினது நினைவிருக்கிறதா? "இரும்புக்குக் கிறீஸ், தலைக்குத் தேங்காயெண்ணெய், ரெண்டையும் மாத்தாத." அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை.

அத்தான், மூன்று பேருக்கும் ஒரே நாளில்தான் விசா குத்தித் தந்தார்கள். கடையை நல்ல ஆளிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த மாதம் வருகிறேன் என்று நீங்கள்தான் நின்றுவிட்டீர்கள். உங்கள் விசா ஒக்டோபர் முடியும் வரைக்கும்தான். நாளைக் கடத்த வேண்டாம்.

இங்கே இன்னும் குளிர். உங்கள் பழைய கைநீளச் சேட்டைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள்
யோசெப்பின்


மட்டக்களப்பு,
08.06.1986

அன்பு யோசெப்பினுக்கும் என் ரேஸ்காரிக்கும்,

இருமல் போயிற்று. கொத்தமல்லி அவிக்கவில்லை, தானாகவே போயிற்று. நீங்கள் இரண்டு பேரும் சுகமாக இருந்தால் எனக்கு மருந்து வேறு தேவையில்லை.

உன் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். பஞ்சர் ஒட்ட வந்த ஒருவர் சைக்கிளை விட்டுவிட்டு, கார் எப்படிச் செய்யலாம் என்று மத்தியானம் வரைக்கும் இருந்து கதைத்துவிட்டுப் போனார்.

எலிசா, கவனமாய்க் கேள். முதலில் சில்லுத் தேடு. நாலும் ஒரே அளவு. குழந்தைப்பிள்ளை வண்டிச் சில்லு நல்லது. கீழே ஒரு நீளப் பலகை. பின் அச்சு அசையக் கூடாது. முன் அச்சை நடுவில் ஒரேயொரு போல்ட்டில் பூட்டு, அது இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும். அதன் இரண்டு முனையிலும் கயிறு கட்டினால் அதுதான் ஹாண்டில். பின்னால் தள்ளுகட்டை. அது தள்ளுகிற ஆளின் நெஞ்சுக்கு நேரே இருக்க வேண்டும். உயர்ந்தாலும் பதிந்தாலும் வண்டி கோணல் மாணலாகப் போகும். தள்ளப்போவது நான். ஆகவே அம்மாவை நேரே நிறுத்தி அவளுடைய வாய்க்குக் கீழே நாடிக்கு அளவாக அடி. அதுதான் என் நெஞ்சு. உன் அம்மா குள்ளம் என்பது எனக்குக் கலியாணத்தன்றே தெரியும்.

எண்ணெய் விடுகிற வேலை கடைசியில். அதைப் பிறகு எழுதுகிறேன்.

யோசெப்பின், கடையைப் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. மற்றவனுக்கு ஆட்களோடு கதைக்கத் தெரியாது. இவ்வளவு காலம் நான் நின்ற இடத்தைக் கண்டவன் கையில் எறிந்துவிட்டு வர மனம் வரவில்லை. நீ ஏசுவாய், ஏசு. ஓகஸ்ட்டில் கட்டாயம் வருவேன்.

அன்புடன்
கபிரியேல்


மொன்றியல்,
06.07.1986

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம், என் இடது பெருவிரலைத் தவிர. அது சுத்தியலோடு மோதிவிட்டது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஜூலை முதலாம் திகதி இந்த ஊரில் பாதிப் பேர் வீடு மாறுகிறார்கள். கொண்டுபோகப் பஞ்சிப்பட்டதையெல்லாம் தெருவோரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு நானும் எலிசாவும் எங்கள் கோட்-டே-நேஜ் பகுதி முழுக்க அலைந்து ஒரு குழந்தைப்பிள்ளை வண்டி, கட்டில் பலகை, கதிரை, தும்புத்தடி எல்லாம் தூக்கிக்கொண்டு வந்தோம். தெரிந்த முகம் எதுவும் வரக் கூடாது என்று வழிநெடுக மன்றாடினேன். முதல் சந்தியிலேயே மேல்மாடிச் சிவநேசம் அக்கா வந்தா. அவ யாழ்ப்பாணம். "என்ன பிள்ளை, பொம்பிளைப் பிள்ளைக்குச் சட்டி பானை பழக்காமல் சில்லுப் பூட்டப் பழக்கிறீரோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போனா. கதிரையின் ஒரு காலைப் பிடித்து உதவியிருக்கலாம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிற என் அண்ணன் மரம் அறுக்கிற வாள் கொண்டுவந்து தந்தார். "உனக்கு விசரா? பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிக் குடுத்திட்டு இரு" என்றார். வாளை வைத்துவிட்டுப் போய்விட்டார், எப்படி அறுப்பது என்று சொல்லவில்லை.

பலகையை அறுத்தேன், பிளந்தது. மற்றப் பலகையை அறுத்தேன், அதுவும் பிளந்தது. எலிசா வாங்கி அறுத்தாள், அது பிளக்கவில்லை, ஆனால் கோணல். அந்தக் கோணல் பலகையில்தான் இப்போது எல்லாம் நிற்கிறது. சில்லைப் பூட்டினால் வெறிகாரன் மாதிரி ஆடுகிறது. ஏன் ஆடுகிறது? இறுக்கினால் சுற்றுதில்லை, இளக்கினால் ஆடுகிறது. பக்டரியில் முழு நாளும் தைத்துவிட்டு வந்து வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையில் முழங்காலில் நின்று சில்லோடு மல்லுக்கட்ட எனக்கு ஏலாது. நீங்கள் இங்கே நின்றால் ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிக்கிற வேலை. அதை நினைக்கத்தான் கோபம் கோபமாய் வருகிறது.

தள்ளுகட்டையை என் நாடிக்கு நேரே அடித்துவிட்டாள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆறு ஆணி.

விமானச் சீட்டுக்குப் போய்க் கேட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
யோசெப்பின்


மொன்றியல்,
10.08.1986

அத்தானுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் இருக்கிறீர்களா? ஆனியில் வந்த கடிதத்துக்குப் பிறகு ஒரு வரி இல்லை. இங்குள்ள ரேடியோவில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் நான் தையலை விட்டுவிட்டுக் காதைக் கொடுக்கிறேன், பிரெஞ்சு என்பதால் ஊர்ப் பெயர் மட்டும்தான் விளங்குகிறது. உங்களுக்கு எழுதப் பஞ்சியா? கடையில் அவ்வளவு வேலையா?

சில்லு ஆட்டத்தை நாங்களே நிற்பாட்டிவிட்டோம். தகரத்தை வட்டமாக வெட்டி இடையில் வைத்தாள் உங்கள் மகள். பிறகு கயிறு கட்டினது நான். பலம் கூடும் என்று நினைத்துப் பலகைக்குக் கீழே இரண்டு கயிற்றையும் குறுக்கே விட்டுக் கட்டினேன். எலிசா வலப்பக்கம் இழுக்க, வண்டி இடப்பக்கம் போய்க் குப்பைவாளிகளுக்குள் புகுந்தது. முழங்கையில் தோல் போயிற்று. "அம்மா, உங்களுக்கு ஒண்டுமே தெரியாதா?" என்று கத்தினாள். "தெரியாதுதான், தெரிஞ்சவர் அங்க இருக்கிறார், அவரைக் கேள்" என்று நானும் கத்தினேன். சிவநேசம் அக்கா மேலே யன்னலைச் சாத்தினா.

பிறகு இரண்டு பேருமாகக் கயிற்றை அவிழ்த்து நேராகக் கட்டினோம். பிரேக்குக்கு என் ரப்பர் செருப்பை வெட்டிக் கொடுத்தேன்.

காரில் உதவி செய்த கடையின் பெயரை எழுதலாமாம். மற்றப் பிள்ளைகள் கார் திருத்துகிற கறாஜ், மூலைக் கடை என்று எழுதுகிறார்கள். இவள் சிவப்புப் பெயின்ரில் தமிழில் "கபிரியேல் சைக்கிள் வேர்க்ஸ், மட்டக்களப்பு" என்று எழுதியிருக்கிறாள். கடைசி எழுத்துக்கு இடம் காணாமல் பின் பலகைக்குச் சுற்றிப் போயிருக்கிறது.

தள்ளிப் பார்க்கச் சொன்னாள். கை இரண்டையும் நாடிக்கு நேரே தூக்கிக்கொண்டு எப்படித் தள்ளுவது? ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. கட்டையைக் கொஞ்சம் பதித்து அடிப்போம் என்றேன். "வேணாம், அது அப்பாட" என்கிறாள்.

ஓகஸ்ட் வந்துவிட்டது அத்தான்.

யோசெப்பின்


மட்டக்களப்பு,
17.08.1986

அன்பு யோசெப்பினுக்கும் எலிசாவுக்கும்,

நான் நலம். இடையில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன், அதனால்தான் கடிதம் போட முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. கடை வழமைபோல நடக்கிறது.

சில்லு ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். இடையில் தகர வட்டம் ஒன்று போடு, நிற்கும்.

எண்ணெய் விஷயம் பிறகு எழுதுகிறேன் என்றேன் அல்லவா? அங்கே ஒன்றும் தேடி அலையாதே. வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெய் போதும். சில்லைக் கழற்றி உள்ளே நிறைய விட்டு, கையால் சுற்றிச் சுற்றி ஊற விட வேண்டும். நல்லாய் ஓடும்.

எலிசா, போட்டிக்கு அப்பா வருவேன். தள்ளுகிற இடத்தை எனக்கு வைத்திரு.

உன் அண்ணன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

கபிரியேல்


மொன்றியல்,
07.09.1986

அப்பாக்கு,

பொன்ஜூர். நாங்க சுகம். உங்களுக்குக் காய்ச்சல் போயிட்டா? அம்மா இண்டைக்கு என்னை எழுதச் சொன்னா. தமிழ் எழுத்துப் பிழை வந்தா ஏசாதீங்க.

நீங்க சொன்ன மாதிரியே தேங்காயெண்ணெய் விட்டன். அம்மா முதல்ல ஒரு மாதிரிப் பார்த்தா, "அப்பாவா இதைச் சொன்னார்?" எண்டு கடிதத்தை வாங்கி வாங்கிப் படிச்சா. மறுகா அப்பாதானே எழுதியிருக்கிறார் எண்டு குளியலறைத் தட்டில இருந்து போத்தலை எடுத்துத் தந்தா. போத்தல் முடிஞ்சுது. இப்ப அம்மாட தலைக்கு இல்ல.

பின் ஒழுங்கையில ஓட்டினம். நல்ல வெயில். சூப்பராப் போகுது அப்பா! குப்பைவாளி எல்லாம் தாண்டிப் போய் நிண்டுது. எங்கட வகுப்பு வியட்நாம் பிள்ளை பார்த்திட்டு, உன்ர அப்பா என்ன போட்டவர் எண்டு கேட்டவள். நான் சொல்லயில்ல. அது ரகசியம்.

ஆனா அம்மா தள்ளினா சரிவராது. இடப்பக்கம் இழுக்குது. நீங்க வந்து தள்ளினா நேராப் போகும். கட்டை உங்கட அளவுதான். நான் ஒருதரையும் தொட விடயில்ல.

எந்தப் பிளேன் எண்டு எழுதுங்க, மாமா வந்து ஏத்துவார்.

மெர்சி அப்பா.
எலிசா

அத்தான், நீங்கள் வருவேன் என்று எழுதியதைப் பிள்ளை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். வருகிற திகதியையும் விமான இலக்கத்தையும் தந்தியில் அறிவிக்கவும். — யோ.


மொன்றியல்,
05.10.1986

அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று ரேஸ் முடிந்தது.

காலையில் எழும்பிப் பார்த்தால் கார்க் கண்ணாடிகளில் வெள்ளையாய்ப் பனி. முதல் நாள் மாலையே வண்டியைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட முற்றத்தில் விட்டிருந்தோம், எல்லோருடையதும் அங்கேதான் நின்றது. தெருவின் மேல்முனையில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஒரு தகப்பன், இல்லை ஒரு தாய். எங்கள் காருக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் கட்டையில் கைவைக்கப் போனேன். "அம்மா, தள்ளி நில்லுங்க. அப்பா வருவார்" என்றாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் என் பக்கத்தில் நின்று கீழே சந்தியைப் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன். எனக்கும் ஒரு நப்பாசை, சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏதாவது டக்சி வந்து நிற்காதா என்று.

விசில் ஊதிவிட்டார்கள். எல்லாக் காரும் போயிற்று. நான் ஓடிப்போய்க் கட்டையைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் தள்ளினேன், சில்லுச் சுற்றாமல் தெருவில் இழுபட்டது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியும் தள்ளினேன், யாரும் தடுக்கவில்லை, தடுக்கிற அளவுக்கு அது ஒரு போட்டியாக இருக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் கீழே போய்ச் சேர்ந்து கைதட்டு வாங்கி முடிந்தும் நாங்கள் பாதித் தெருவில் நின்றோம். நான் சப்பாத்துச் சறுக்கி முழங்காலில் விழுந்தேன்.

கறாஜ் வைத்திருக்கும் ஒரு தகப்பன் ஸ்பானரோடு வந்து சில்லைக் கழற்றினார். உள்ளே முழுக்க வெள்ளையாய், மெழுகு உறைந்த மாதிரி. விரலில் தொட்டு மணந்து பார்த்து, இது என்ன என்று எலிசாவைக் கேட்டார். அவளுக்கு இப்போது பிரெஞ்சு வருகிறது அத்தான். "தலைக்கு வைக்கிற எண்ணெய்" என்று பிரெஞ்சில் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனத்தோடு சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தார்கள்.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்பா எல்லாம் பொய்" என்று ஒரே ஒரு சொல். பிறகு வண்டியை நிலக்கீழ் அறைக்குள் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேற்றே எழுதியிருப்பேன். பேனையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். இன்று பூசைக்குப் போய் முழங்காலில் இருந்தபோதுதான் மண்டையில் அடித்த மாதிரி ஒன்று உறைத்தது. என்னைத் தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டதற்காக ஏசிய மனிசன் நீங்கள். உங்கள் கடை வாசலில் எந்த நாளும் ஒரு கிறீஸ் டின் இருக்கும், எலிசா அதில் கையை வைத்துவிட்டு என் சேலையில் துடைப்பாள். அந்தக் கடையில் இருக்கிற மனிசன் சில்லுக்குத் தேங்காய் எண்ணெய் விடு என்று எழுத மாட்டார். அப்படியென்றால் கிறீஸ் இல்லை. கிறீஸ் இல்லையென்றால் கடை இல்லை.

கடைக்காகத்தானே நின்றீர்கள்? கடை இல்லையென்றால் ஏன் இன்னும் வரவில்லை? உங்களுக்கு என்ன நடந்தது? காய்ச்சல் என்று இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

யோசெப்பின்


கொழும்பு,
02.11.1986

அன்பு யோசெப்பினுக்கு,

கொழும்பு என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதே, நான் மட்டக்களப்பில்தான் இருக்கிறேன். மடத்து அக்னெஸ் சிஸ்டர் கொழும்புக்குப் போகிறா, அவ இதை அங்கே தபாலில் போடுவா. இங்கே போடுகிற கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அதனால்தான் இதுவரை ஒன்றும் எழுதவில்லை. அது பாதிக் காரணம்தான். உனக்கு எழுத மனம் வரவில்லை என்பது மற்றப் பாதி.

பள்ளிக்கூடக் கணக்கில் எல்லாம் பிழை விட்டவள் நீ. இந்தக் கணக்கில் விடவில்லை.

ஆனிக் கடைசியில் கடைவரிசை எரிந்தது. நம்முடையதும் போயிற்று. விடிந்து போய்ச் சாம்பலுக்குள் ஸ்பானர் பொறுக்கிக்கொண்டு நின்றபோது ஆமிக்காரர் சுற்றிவளைத்தார்கள். நின்ற ஆம்பிளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். காய்ச்சல் என்று எழுதியது அதைத்தான். ஓகஸ்ட் நடுவில் விட்டார்கள். பாஸ்போட் அவர்களிடம். திங்கட்கிழமைதோறும் முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். எனக்காக என் பெரியண்ணன் பிணை நிற்கிறார். நான் ஊரைவிட்டுப் போனால் அவரை ஏற்றுவார்கள், அவருடைய நாலு பிள்ளைகளையும் நீ அறிவாய். இப்போது விசாவும் முடிந்துவிட்டது.

அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்காதே. கை நடுக்கம் குறைந்துவிட்டது.

கோயில் மதிலோரம் இரவல் ஸ்பானரோடு குந்தியிருந்து சைக்கிள் திருத்துகிறேன். ஊரில் கிறீஸ் என்ற சாமானே இல்லை. எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன், இங்குள்ள வெயிலுக்கு ஓடத்தான் செய்கிறது. உனக்கு எழுதும்போது கை தானாக அதை எழுதிவிட்டது. அது கல்லாய் உறையும் என்று எனக்கு எப்படித் தெரியும் யோசெப்பின்? பிறந்த நாளில் இருந்து அதைத் தண்ணீராகத்தான் கண்டிருக்கிறேன். நீ முழங்காலில் விழுந்ததையும் பிள்ளையைப் பார்த்துச் சனம் சிரித்ததையும் வாசித்துவிட்டு, மதிலில் என் தலையை மோதலாம் போல இருந்தது.

கடையின் பெயர்ப்பலகையும் எரிந்துவிட்டது. அந்தப் பெயர் இப்போது உங்கள் வண்டியில் மட்டும்தான் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. எலிசாவிடம் இதைச் சொல்லாதே. அடுத்த போட்டிக்கு அப்பா வருவார் என்று சொல்லிவை. பிள்ளை எதையாவது நம்பிக்கொண்டிருக்கட்டும். பதிலைச் சிஸ்டரின் கொழும்பு மடத்து விலாசத்துக்குப் போடு.

உன்
கபிரியேல்


மொன்றியல்,
14.12.1986

என் அன்பு அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், அதற்காக நேற்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். உங்களை ஏசுவதற்கென்று சேர்த்துவைத்த சொல்லெல்லாம் வீணாய்ப் போயிற்று. மதிலோரம் குந்தியிருக்கிற மனிசனை எப்படி ஏசுவது? வைகாசியில் வந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. அதற்கும் இனி ஏசிப் பயனில்லை.

ஆனால் ஒன்றுக்கு ஏசத்தான் போகிறேன். பிள்ளைக்குச் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டினேன். உங்களுக்காக நான் அவளிடம் பொய் சொல்ல மாட்டேன் அத்தான். ஒக்டோபரில் அந்தத் தெருவில் அவள் இருந்த இருப்பை நீங்கள் காணவில்லை. நான் கண்டேன். இன்னொரு தடவை அவளை அப்படி இருக்க வைக்க என்னால் முடியாது.

கடிதம் வாசித்து முடிய எழும்பிப் போய், நிலக்கீழ் அறையில் கிடந்த வண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுச் சில்லெல்லாம் கழுவினாள். பிறகு தானாகவே தாள் எடுத்து எழுதினாள். நான் திருத்தவில்லை, அப்படியே வைக்கிறேன்.

உங்கள்
யோசெப்பின்

அப்பாக்கு,

நீங்க பொய் சொன்னதுக்கு எனக்குக் கோபம். உங்களைப் பிடிச்சவங்களில அதவிடக் கோபம்.

ஜூன்ல பக்கத்துக் கோயில் பரிஷ்ல இன்னொரு ரேஸ் இருக்கு. மடாம் பெயர் குடுக்கச் சொன்னா. அந்தக் கறாஜ்காரர் ஒரு டின் கிறீஸ் தந்தார். அதனால எண்ணெய்ப் பிரச்சினை இல்ல. கட்டைதான் பிரச்சினை. அது உங்கட உசரத்துக்கு அடிச்சது. நீங்க வாற எண்டா அப்பிடியே இருக்கட்டும். வரயில்ல எண்டா அம்மாக்கு ஏத்த மாதிரிப் பதிச்சு அடிக்கவேணும். ரெண்டும் ஏலாது. ஆறு ஆணியும் கழட்டினா மரத்தில ஓட்டை விழும், அதனால ஒருக்காத்தான் மாத்தலாம்.

வரமுடியாட்டி வரமுடியாது எண்டு எழுதுங்க. எனக்குச் சும்மா சொல்லாதீங்க. நான் அதுக்கேத்த மாதிரிக் கார் செய்வன்.

எலிசா


மட்டக்களப்பு,
25.01.1987

அன்பு மகள் எலிசாவுக்கு,

அப்பா சுகமாக இருக்கிறேன், இது உண்மை. இருமல் திரும்ப வந்திருக்கிறது, அதுவும் உண்மை. நீயும் அம்மாவும் அந்தக் குளிரில் பத்திரமாக இருக்க வேண்டும். இதையும் சிஸ்டர்தான் கொண்டுபோகிறா.

ஜூனில் என்னால் வரமுடியாது. எப்போது வரமுடியும் என்றும் எனக்குத் தெரியாது. இதை எழுதத் தொடங்கிப் பல தாள்களைக் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் கை "ஆனால்" என்று எழுதப் பார்க்கிறது. இந்தத் தாளில் எழுதவில்லை.

கிறீஸை அள்ளி அப்பாதே, மெல்லிசாய்ப் பூசு. பழைய ஆணி ஓட்டைகளுக்குள் மரக்குச்சியைச் சீவி இறுக்கி அடைத்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் புது ஆணி அடி, மரம் பிளக்காது. அம்மாவை நேரே நிறுத்து. சப்பாத்தோடு நிறுத்து, தள்ளும்போது அவள் சப்பாத்துத்தான் போட்டிருப்பாள். நெஞ்சு எங்கே வருகிறது என்று பார்த்துப் பென்சிலால் ஒரு கோடு போடு.

கட்டையை இறக்கி அங்கே அடி, மகள்.

அப்பா
கபிரியேல்